ஆயிரம் கண்டல் கன்று நடுவதற்கு முன்: மூதூர் மாணவி ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வியின் சுருக்கம் இது. மூதூரில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர், ‘காலநிலை மாற்றமும் நிலைபேறான தீர்வுகளும்’ என்ற தலைப்பில் பாடசாலைக்கு ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டும். அவகாசம் மூன்று மாதம். கடற்கரையோரம் ஆயிரம் கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரம்) கன்று நட்டு, படமெடுத்து, அறிக்கை கொடுத்துவிடலாம் என்று சுற்றாடல் கழகத்தார் சொல்கிறார்கள். அவருக்கு இரண்டு சந்தேகங்கள். உலகம் வெளியிடும் பச்சைவீட்டு வாயுக்களில் இலங்கையின் பங்கு 0.1 வீதம்கூட இல்லாதபோது, நாம் எதைச் செய்து என்ன ஆகப்போகிறது? திருகோணமலை மாவட்டத்தில் ஒரு மாணவி உண்மையாகவே ஆராயக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

மகள், முதலில் அந்த ஆயிரம் கன்றை ஒத்திவையுங்கள். நானும் நட்டவன்தான்.

சுனாமிக்கு அடுத்த வருடம். கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம்; ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போனோம். தொப்பி கொடுத்தார்கள், பனியன் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு ரோல்ஸும் தேநீரும் கொடுத்தார்கள். வற்று நேரத்தில் வெளியே தெரிந்த சேற்று வெளியில் வரிசை பிடித்து அறுநூறு கன்று நட்டோம். கண்டலின் கன்று மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். அதைப் பறித்துச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. படம் எடுத்தார்கள், போனார்கள். எட்டு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனவன் அந்த இடத்தை எட்டிப் பார்த்தேன். பாசி சுற்றிய குச்சிகள்தான் நின்றன. இலையோடு இருந்தவற்றை எண்ணினேன்: பதினொன்று. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார், “எங்கே முளைக்க வேண்டும் என்று மரத்துக்குத் தெரியாதா தம்பி? இத்தனை வருடமாக இந்த இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லையே, அதை யோசித்தீர்களா?”

அவர் கேட்டதைத்தான் பன்னிரண்டு வருடம் கழித்து ஆய்வாளர்கள் எண்ணிக்கையோடு எழுதினார்கள். இலங்கையில் சுனாமிக்குப் பின் கண்டல் நட்ட 23 இடங்களை நேரில் பார்த்து எழுதப்பட்ட ஆய்வொன்று 2017இல் வெளியானது. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் உருப்பட்டது 200, 220 ஹெக்டேயர்தான். 9 இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை. பிழையான இடம், இடத்துக்குப் பொருந்தாத இனம், நட்டபின் யாரும் திரும்பிப் பார்க்காதது, மாடு மேய்ந்தது, பாசி படிந்தது என்று காரணங்கள் நீள்கின்றன. பணமும் உழைப்பும் கரைந்தது ஒரு பக்கம். நட்ட அன்றே வெற்றி என்று எழுதிவிட்டதால் தோல்வியைப் படிக்க ஆளில்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய நட்டமாகத் தெரிகிறது.

பிழையான இடம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் செயற்றிட்டமே இதற்குள் இருக்கிறது. இலங்கையைச் சுற்றிக் கடல்நீரின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் மிகக் குறைவு. பெரிய பெருக்கு நாளிலும் ஒரு மீற்றரை எட்டாது. கண்டல் மரங்கள் வாழ்வது இந்த ஒடுங்கிய பட்டையின் மேற்பாதியில். வேர் எந்நேரமும் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் கன்றுக்கு ஒட்சிசன் கிடைக்காது, செத்துப்போகும். ஆக, பத்துச் சென்ரிமீற்றர் தாழ்வாக நட்டாலே கதை முடிந்தது. ஆனால் நடவுக்காரர்களுக்குக் கிடைப்பதோ தாழ்ந்த வெற்றுச் சேறுதான். மேலே உள்ள நல்ல இடங்கள் யாருடையவோ வயல், இறால் பண்ணை, வீட்டுக்காணி. சண்டையில்லாத இடத்தில் நடுகிறோம்; மரம் வாழாத இடம் என்பதால்தான் அது சண்டையில்லாமல் கிடக்கிறது.

இன்னொன்று, கண்டல் காடு என்றால் ஒரே மரம் இல்லை. காட்டுக்குப் பெயர் தந்த கண்டல், அதோடு கண்ணா, தில்லை என்று ஒவ்வொன்றும் உவரையும் உயரத்தையும் பார்த்துத் தனக்கென்று ஒரு வரிசை பிடித்து நிற்கும். குத்துவதற்கு வசதி என்பதால் எல்லா இடத்திலும் கண்டலையே குத்திவிட்டோம். கன்றின் வடிவம் திட்டத்தைத் தீர்மானித்திருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான் சொல்லும் ஆய்வு இது. உப்பாற்றுப் பக்கமோ தம்பலகாமக் குடாப் பக்கமோ, மூன்று வகை இடத்தைத் தேடுங்கள்: தானாக வளர்ந்த காட்டின் ஓரம் ஒன்று, நட்டுப் பிழைத்த இடம் ஒன்று, நட்டுச் செத்த இடம் ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் கயிறு கட்டி, உயிரோடு இருப்பவற்றை இனவாரியாக எண்ணுங்கள். உயரத்தை அளக்க நில அளவைக் கருவி தேவையில்லை. பெருக்கு உச்சத்தில், காற்றில்லாத நேரத்தில், கிட்டக்கிட்ட உள்ள இடங்களில் நீர்மட்டம் ஒரே மட்டமாகத்தான் இருக்கும். அப்போது மூன்று பேர் மூன்று இடத்தில் அளவு குறித்த தடியை ஊன்றி ஒரே நிமிடத்தில் ஆழத்தைப் படித்தால், ஆழ வித்தியாசம்தான் நில உயர வித்தியாசம். இடங்கள் தூரமாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது; அப்போது தடியில் வெண்கட்டியைத் தேய்த்து ஊன்றிவிட்டு வாருங்கள், எதுவரை கழுவப்பட்டிருக்கிறதோ அதுதான் அன்றைய உச்ச நீர். செலவு மூன்று மூங்கில் தடி. கைக்கு வருவது பாடப்புத்தகத்தில் இல்லாத, உங்கள் ஊருக்கே உரிய ஓர் அளவு.

செத்த இடத்துக்கு மேலே ஒரு வீதியோ அணைக்கட்டோ போகிறதா, அதன் கீழே மதகு இருக்கிறதா, மதகு அடைத்துக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் கன்றே நடத் தேவையில்லை. அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டால் பெருக்கோடு விதை மிதந்து வந்து, தனக்குப் பிடித்த உயரத்தில் ஒதுங்கி முளைத்துக்கொள்ளும். இலங்கையின் கண்டல் மீளுருவாக்கப் பணியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீளமைப்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது, முன்னைய தோல்விகளைப் படித்து இப்படி இயற்கையோடு ஒட்டிய வழிக்குத் திரும்பியதற்காக. ஆகவே தோற்ற இடத்தைப் பற்றி எழுத வெட்கப்படாதீர்கள். கண்டல் காட்டில் பெரும்பங்கு காபன் இருப்பது மரத்தில் இல்லை, காலங்காலமாகப் படிந்த அடிச்சேற்றில். நிற்கும் பழைய காடு ஒரு ஏக்கரை வெட்டவிடாமல் தடுப்பது, புதிதாகப் பல ஏக்கரில் குச்சி குத்துவதைவிட மேல்.

இனி உங்கள் முதல் சந்தேகம். 0.1 வீதத்துக்கும் குறைவு என்பது உண்மை. இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு சுமார் ஒரு தொன். உலக சராசரி நான்கு தொன்னுக்கும் மேல். நாளைக்கே இந்த நாடு முழுதும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தாலும், 1958இல் 315 ஆக அளக்கப்பட்டு இன்று 420ஐத் தாண்டிவிட்ட வளிமண்டலக் காபனீரொட்சைட்டின் அளவு, பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில், அசையாது. இதை ஒப்புக்கொள்ளாமல் ‘நம்மால் உலகைக் காப்பாற்ற முடியும்’ என்று அறிக்கையில் எழுதினால் நடுவர் சிரிக்க மாட்டார், நான் சிரிப்பேன்.

ஆனால் தீர்வுகள் இரண்டு வகை. வாயுவைக் குறைப்பது தணிப்பு. வந்துகொண்டிருப்பதற்கு நம்மைத் தயார்செய்வது இசைவாக்கம். 0.1 வீத வாதம் இரண்டாவதைத் தொடவே தொடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மகாவலி மூதூர், வெருகல் பக்கம் எங்கே ஏறியது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2020 டிசம்பர் 2ஆம் திகதி, புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 1964 டிசம்பரில் வந்த புயலை என் பெரியம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். புயல் நமக்குப் புதிதில்லை என்பதற்காகவே 1964ஐயும் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட புயலைக் காட்டி ‘இது காலநிலை மாற்றத்தால் வந்தது’ என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். எழுதக்கூடியது இது: வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் கூடினால் வளி ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதே புயல் வந்தாலும் கொட்டும் மழை கூடும்.

தணிப்பிலும் நமக்குச் சுயநலமான ஒரு காரணம் இருக்கிறது. 2022இல் நீங்கள் சின்னப் பிள்ளை. எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல், மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்வெட்டு வந்தது. எரிபொருள் நிலையத்தில் அப்பா வரிசையில் நின்றது நினைவிருக்கும். கப்பலில் வரும் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் பதிலாகக் கூரையில் விழும் வெயிலைப் பிடிப்பதற்கு அந்த வரிசை ஒன்றே போதுமான நியாயம், உலகம் கணக்கில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

அந்த வெயில் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து படித்தவர்களுக்கு அளவுகருவி தேவையில்லை. நல்ல இடத்தில் பொருத்திய ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்கு நான்கு அலகு அளவில் தரும். மின்சாரத்தில் 70 வீதத்தை 2030க்குள் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது, புதிதாக நிலக்கரி நிலையம் கட்டாமல் விடுவது என்று இலங்கை உலகுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த இரண்டாவது வாக்கின் முன்கதை உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது: சம்பூர். 2006 போரில் ஊர் இடம்பெயர்ந்தது. ஆளில்லாத அந்தக் காணிகளில் இந்தியாவுடன் சேர்ந்து 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டத் திட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போனது, 2016இல் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். (சீனக்குடாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து 99 எண்ணெய்க் குதங்கள் இன்னும் நிற்பதையும் சேர்த்துப் பார்த்தால், எரிபொருள் வரலாறு படிக்க இதைவிட நல்ல மாவட்டம் கிடையாது.)

நிலக்கரி போய் வெயில் வந்தது நல்ல செய்திதான், ஆனால் அங்கேயே நிறுத்திவிட வேண்டாம். தரையில் அமைக்கும் சூரிய மின்நிலையத்துக்கு ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். 120ஆல் பெருக்குங்கள். அந்தத் தரையில் முன்பு மாடு மேய்ந்ததா, விறகு பொறுக்கினார்களா, யாருக்கு நட்டஈடு கிடைத்தது, யாருக்கு வேலை கிடைத்தது? இதற்குத் தடியும் கயிறும் வேண்டாம். ஒரு கொப்பியும், திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் பொறுமையும் போதும். உங்களுக்கு உயிரியலைவிட மனிதர்களோடு பேசுவது பிடிக்குமென்றால் கண்டலை விட்டுவிட்டு இதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

சூரியத் தகட்டைப் பற்றி எல்லோரும் மறக்கும் இன்னொரு விடயம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டது. எல்லோரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பின்னால் இருந்த பாடம் வேறு. ஞாயிறு பகலில் மின்பாவனை குறைவு; கூரைத் தகடுகளின் உற்பத்தியோ உச்சத்தில். மின்நிலையங்களின் பெரிய சுழலிகள் அப்போது குறைவாகவே ஓடும். அந்தக் கனத்த சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தால் ஓர் அதிர்ச்சியைத் தாங்கிச் சமாளிக்கும். குறைவாக இருந்தால் சின்ன இடறல்கூட முழு வலையமைப்பையும் சரித்துவிடும். இரண்டு மாதம் கழித்து, புத்தாண்டு விடுமுறையில் பகல் நேரத்தில் கூரைத் தகடுகளை அணைத்துவைக்கச் சொல்லி மின்சார சபையே கேட்டது. வெயில் தேவைக்கு மேல் வரும் நேரத்தில் அணைக்கச் சொல்கிறார்கள். மாலை ஆறரைக்கு மேல் எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடும்போது எண்ணெயை எரிக்கிறார்கள். இடைவெளியை நிரப்புவது மின்கலச் சேமிப்பும், பாவனையைப் பகலுக்கு நகர்த்துவதும். உங்கள் வீட்டு மானியை ஒரு வாரம் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை வாசித்து வரைபு கீறிப் பாருங்கள். தண்ணீர் மோட்டாரையும் இஸ்திரியையும் மதியத்துக்கு மாற்றிவிட்டு இன்னொரு வாரம் கீறுங்கள். ஒரு வீட்டின் வரைபுதான் என்றாலும், நாட்டின் பிரச்சினை அதில் அப்படியே தெரியும்.

வயலைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கந்தளாய், தம்பலகாமம், மூதூர் என்று நம் மாவட்டமே வயலால் ஆனது. தண்ணீர் தேங்கிய வயலின் அடிமண்ணில் ஒட்சிசன் இல்லாததால், அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மெதேனை விடுகின்றன. நூறு வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட இருபத்தேழு மடங்குக்குக் குறையாத வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மருந்து எளிது. தமிழில் அதற்குக் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று அழகான பெயரும் இருக்கிறது. துளையிட்ட ஒரு குழாயை வயலில் இறக்கி, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடாமல் வைத்திருப்பது. மெதேன் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதி வரைகூடக் குறைகிறது, தண்ணீரும் மிச்சம்.

பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை? தம்பலகாமத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இந்தக் குழாயைக் காட்டி அரை மணிநேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “சேர், குழாய் தண்ணீர் கேட்கும் நாளில் வாய்க்காலில் என் முறை வராதே. முறை வரும் நாளில் கட்டி வைக்காவிட்டால் அடுத்த முறைவரை நான் என்ன செய்வது? காயவிட்டால் களை வரும், களைக்கு மருந்து யார் தருவார்?” அவர் படித்தது எட்டாம் வகுப்பு. நான் அரை மணிநேரம் சொன்னதில் இல்லாத மூன்று விடயங்கள் அந்தப் பதிலில் இருந்தன. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் சேர்ந்து நீர்முறையை மாற்றாமல் தனி விவசாயி எதையும் மாற்ற முடியாது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியபோதும் இதுதான் நடந்தது. நோக்கத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; வயலில் நிற்பவனிடம் யாரும் கேட்கவில்லை. விளைச்சல் சரிந்தது, நவம்பரில் தடையை மீளப்பெற்றார்கள், அரிசியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள்.

அறிக்கை எழுதும்போது இரண்டு குழப்பங்களைத் தவிருங்கள். பாடசாலைக் கண்காட்சிகளில் வருடா வருடம் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஓசோன் படையில் ஓட்டை விழுந்ததால் பூமி சூடாகிறது என்று எழுதாதீர்கள். அது வேறு நோய், இது வேறு நோய். பிளாஸ்டிக்கும் அப்படித்தான். 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு, உறிஞ்சுகுழல் போன்றவற்றுக்குத் தடை வந்தது நல்லதே, எங்கள் வீட்டிலும் பிரம்புத் தட்டு திரும்பி வந்துவிட்டது. ஆனால் அது முதன்மையாகக் கடலுக்கும் மாட்டின் வயிற்றுக்கும் நல்லது. வெப்பமாதலில் அதன் பங்கு சிறிது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவின் பவளப்பாறை இரண்டு பிரச்சினையாலும் அடிபடுகிறது என்பதால் இவை கலந்துவிடுகின்றன: வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை சூடான கடல் சில வாரம் நீடித்தாலே பவளம் வெளிறும், குப்பையும் மிதிக்கும் கால்களும் தனியாக வேறு கெடுக்கும்.

கண்டலையே எடுப்பதானால் சில நடைமுறை விடயங்கள். கண்டல் காடுகள் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. எண்ணுவதற்கு மட்டும்தான் போகிறீர்கள் என்றாலும் கிராம உத்தியோகத்தரிடமும் வன அலுவலகத்திலும் ஆசிரியரின் கடிதத்தோடு முதலே சொல்லிவிடுங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளில் போனால் பெருக்கும் வற்றும் நன்றாகத் தெரியும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஆற்று வெள்ளம் அளவைக் குழப்பும், அதற்குள் முடித்துவிடுங்கள். அந்த இடத்தில் தொழில் செய்யும் ஒருவரைக் கூட அழைத்துப்போங்கள். அவர் பெயர் அறிக்கையில் ஆசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் வரட்டும். பேனா வேண்டாம், பென்சில். செருப்பைச் சேறு விழுங்கிவிடும். பழைய சப்பாத்தை இறுக்கக் கட்டிக்கொள்ளுங்கள். எந்த மரத்தின் கொப்பையும் முறிக்க வேண்டாம், தெரியாத மரம் தில்லையாக இருந்தால் அதன் பால் கண்ணில் பட்டுப் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே நேராக வைத்தியசாலைக்குப் போங்கள். இதற்காகவே ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுபோங்கள், ஒன்று குடிக்க.